தில்லியில் அச்சுக்குப் போகும் தமிழ் வேர்ட் கோப்பு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தில்லியில் தமிழில் ஒன்றை அச்சிடுவதில் உள்ள பெரிய இடர், சாவ்ரி பஜாரிலோ நாராயணாவிலோ நம் கோப்பை வாங்கிக்கொள்ளும் ஆபரேட்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதே. தமிழ்நாட்டு அச்சகத்தில் கொம்பு ஒன்று இடம் மாறியிருந்தால், கேட்காமலேயே யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். இங்கே ஆண்டு மலரானாலும் ஆர்.கே.புரத்துக் கோயில் விழா அழைப்பிதழானாலும், திரையில் எது தெரிகிறதோ அதுதான் தமிழ் என்று ஆபரேட்டர் நம்புகிறார். நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆகவே பிழை எதுவாக இருந்தாலும், கோப்பு நம் கணினியை விட்டுப் போவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கீழே உள்ளவை விண்டோஸில் இயங்கும், ஓரளவு புதிய வேர்ட் பதிப்புகளுக்கானவை. லிப்ரே ஆஃபீஸில் பட்டியல்களின் பெயர்கள் மாறினாலும், பெரும்பாலான இடங்களில் காரணம் ஒன்றே.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் தெரிகின்றன

‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நின்றால், அந்தக் கட்டுரை பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது என்று பொருள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ரோமன் எழுத்தே. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவத்தை அணிவித்துக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வேடம் கலைந்துவிடுகிறது. இந்தச் சிக்கலைத் தில்லி ஆபரேட்டருக்கு விளக்குவது எளிது: இந்தித் தட்டச்சில் கிருதி தேவ் என்ற பழைய எழுத்துரு எப்படியோ, அப்படித்தான் பாமினியும் என்று சொன்னால் போதும். கிருதி தேவில் வந்த கோப்பை மங்கள் என்ற புதிய வகை இந்தி எழுத்துருவில் படிக்க முடியாது என்பது அவர் நாள்தோறும் காண்கிற ஒன்று.

பாமினி ஒன்றுதான் என்றில்லை. டிஸ்கி உண்டு, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட டாம், டாப் குறியாக்கங்கள் உண்டு, நிறுவனங்கள் தத்தம் போக்கில் அமைத்துக்கொண்ட வேறு பலவும் உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான ஒருங்குறியை (யூனிகோட்) 2010-இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த பிறகும், பல ஆண்டுகளாக மலர்களுக்கு எழுதிவரும் மூத்த உறுப்பினர்களின் கணினியில் பழைய எழுத்துருவே வாழ்கிறது. அவர்களிடம் எழுத்துருவைக் கேட்டு வாங்கி நம் கணினியில் நிறுவிக்கொண்டால் உடனே படிக்க முடியும். ஆனால் அது படிப்பதற்கு மட்டுமே உதவும். சிக்கலை அச்சகம் வரை தள்ளிப்போடுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

முறையான தீர்வு, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியின் வழியே உரையை ஒருங்குறிக்குக் கொண்டுவருவதாகும். இதில் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கட்டுரைக்கு நடுவே ஆங்கிலப் பெயர்களோ மின்னஞ்சல் முகவரிகளோ இருந்தால், மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணித் தமிழ்க் குப்பையாக மாற்றிவிடும். இதைத் தவிர்க்க, வேர்டில் ‘அட்வான்ஸ்டு ஃபைண்ட்’ பெட்டியைத் திறந்து, தேடும் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘மோர்’ என்பதற்குள் ‘ஃபார்மட்’, ‘ஃபான்ட்’ வழியே பாமினியைத் தேர்ந்து, ‘ஃபைண்ட் இன்’ பொத்தானில் ‘மெயின் டாக்குமென்ட்’ என்று கொடுக்க வேண்டும். பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் ஒரே நேரத்தில் தேர்வாகி நிற்கும். அவற்றிற்கு மஞ்சள் நிறம் பூசிவிட்டால், எதை மாற்றிக்குக் கொடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும்.

மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. இப்படி நிறுத்தக்குறிகளின் இடங்களைத் தமிழ் வடிவங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால், மேற்கோள் குறி, கோடு, அடைப்புக்குறி ஆகியவற்றில்தான் மாற்றத்துக்குப் பின் பிழைகள் மிஞ்சும்.

இன்னும் பாமினியிலேயே தட்டச்சிடுவேன் என்பவரின் கோப்பில், வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் அடிக்கடி தவறாக இருந்தால் அவரைக் குறை சொல்ல வேண்டாம். வாக்கியத் தொடக்கத்தைப் பெரிய எழுத்தாக்கும் ‘ஆட்டோகரெக்ட்’ வசதி, ரோமன் சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்ற, பாமினியில் அது வேறொரு தமிழ் எழுத்தாகிவிடுகிறது. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ப்ரூஃபிங்’, ‘ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்’ என்று சென்று அந்தக் குறியை நீக்கிவிட்டால் தீர்ந்தது.

எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்

இரண்டும் ஒன்றல்ல. வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தால், உரை சரியாக இருக்கிறது, தேர்ந்துள்ள எழுத்துருவில்தான் தமிழ் இல்லை. உரையைத் தேர்ந்து நிர்மலா யு.ஐ. எழுத்துருவைக் கொடுத்துப் பார்க்கலாம். விண்டோஸ் 8 முதல் அது உடன் வருகிறது. ஒரே எழுத்துருவில் தமிழும் தேவநாகரியும் இருப்பதால், தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு அச்சிட வேண்டிய தில்லி அமைப்புகளுக்கு இதைவிடச் சிக்கலற்ற தேர்வு இல்லை. அழகானதா என்று கேட்டால் அது வேறு கேள்வி. நன்கொடைப் பட்டியலில் ₹ குறி மட்டும் கட்டமாகத் தெரிந்தால், அந்த எழுத்துரு 2010-இல் ரூபாய்க்குக் குறியீடு கிடைப்பதற்கு முன் உருவானதாக இருக்கலாம். அந்த ஒரு குறிக்கு மட்டும் எழுத்துருவை மாற்றினால் போதும்.

புள்ளி வட்டம் தெரிந்தால் பிழை உரையிலேயே இருக்கிறது. ஒற்றைக்கொம்போ துணைக்காலோ சாய்ந்துகொள்ள மெய்யெழுத்து இல்லாமல் தனித்து நிற்கிறது என்று வேர்ட் சொல்கிறது. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலிலும் எழுத்தைப் பின்னரும் அடித்திருப்பார்கள், அல்லது இடையே ஒரு வெற்றிடம் விழுந்திருக்கும். திருத்தும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ‘பேக்ஸ்பேஸ்’ அடித்தால் ‘கி’ என்பதில் கொக்கி மட்டும் போய்க் ‘க’ மிஞ்சும்; முன்னால் நின்று ‘டெலீட்’ அடித்தால் முழு எழுத்தும் போகும்.

வேர்டில் சரியாக இருக்கிறது, அச்சகத்துத் திரையில் கொம்பு இடம் மாறியிருக்கிறது

வேர்ட் கோப்பை அச்சகத்தார் அப்படியே அச்சிடுவது அரிது. உரையை நகலெடுத்துப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் ஒட்டுவார்கள். பேஜ்மேக்கராக இருந்தால் ஒருங்குறித் தமிழை அதில் எதிர்பார்க்க வேண்டாம். அந்த மென்பொருள் ஒருங்குறியை அறியாது. இன்டிசைனாக இருந்தால் வழி இருக்கிறது. வழக்கமான அமைப்பில் ஒட்டும்போது, ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். ‘கொ’ முற்றிலும் குலைந்துவிடும். உரையைத் தேர்ந்து, பத்திப் பலகத்தின் பட்டியலில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தால் எழுத்துகள் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். இந்திய மொழிகளுக்கான இந்த வசதி சி.எஸ்.6 பதிப்பு முதல் இருக்கிறது. ஆனால் இந்தியை கிருதி தேவிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் ஆபரேட்டருக்கு இதைத் தேடிப் பார்க்கும் தேவையே எழுந்திருக்காது.

அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க நேரமில்லை. ஆனால் ஒரு சோதனை வரியைக் கொடுக்கலாம். கோப்பின் முதல் வரியில் ‘கெ கே கை கொ கோ கௌ க்ஷ ஸ்ரீ’ என்று பெரிய அளவில் இட்டு, அதே வரியை நம் வீட்டு அச்சுப்பொறியில் தாளில் எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். தாளில் உள்ள படமும் திரையில் உள்ள படமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க மொழி தெரிய வேண்டியதில்லை. இவ்வரியில் பிழை இல்லையென்றால் உள்ளே உள்ள பக்கங்களிலும் கொம்புச் சிக்கல் இராது என்று பெரும்பாலும் நம்பலாம். இறுதி அச்சுக்கு முன் அந்த வரியை நீக்கச் சொல்லவும் மறக்கக்கூடாது. அட்டைக்கு அடுத்த பக்கத்தில் ‘கெ கே கை’ என்று தொடங்கும் மலரை யாரும் விரும்பமாட்டார்கள்.

எழுத்தின் அளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசைய மறுக்கிறது

வேர்டைப் பொறுத்தவரை ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் இரண்டு எழுத்துருக்கள், இரண்டு அளவுகள், இரண்டு தடிப்புக் குறிகள் உண்டு: ஒன்று ரோமன் எழுத்துக்கு, மற்றொன்று ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று அது வகைப்படுத்தியிருக்கும் எழுத்துகளுக்கு. தமிழ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உரையைத் தேர்ந்து நேரடியாக அளவை மாற்றும்போது பெரும்பாலும் தொல்லை வராது. ‘ஸ்டைல்’ (ஒரு பெயரில் சேமித்து வைத்த எழுத்து, பத்தி அமைப்பு) ஒன்றைத் திருத்தி அதன் வழியே மாற்றும்போதுதான், ‘ஹெடிங் 1’-க்கு 18 புள்ளி (பாயின்ட்) என்று கொடுத்த பிறகும் தமிழ்த் தலைப்பு பழைய அளவிலேயே நிற்கும்.

‘மாடிஃபை ஸ்டைல்’ பெட்டியில் மேலே தெரியும் அளவுக் கட்டத்தை நம்பாமல், கீழே ‘ஃபார்மட்’, ‘ஃபான்ட்’ என்று உள்ளே சென்றால், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கான எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகியவை தனியாக இருக்கும். அங்கே மாற்ற வேண்டும். அந்தப் பகுதியே பெட்டியில் தெரியவில்லை என்றால், ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லாங்குவேஜ்’ பக்கத்தில் தமிழை எழுதும் மொழியாகச் சேர்த்து, வேர்டை மூடித் திறந்தால் தெரியும். லிப்ரே ஆஃபீஸிலும் இதே பிரிவினை உண்டு. அங்கே விருப்பங்களில் சி.டி.எல். (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) வசதியை இயக்கிய பின் ஸ்டைலுக்குள் தமிழுக்கான எழுத்துருவைத் தனியே கொடுக்கலாம்.

தடிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தடித்த வடிவம் தனியாக இல்லாத எழுத்துருவிலும் வேர்ட் தானாகவே கோட்டைப் பருக்க வைத்துக் காட்டும். திரையில் அது குற்றமாகத் தெரியாது. சிறிய அளவில் அச்சாகும்போது ‘இ’, ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகும்.

வரிகளுக்கு இடையிலான இடைவெளி ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கிறது

ஆங்கிலச் சொல்லோ இந்திச் சொல்லோ கலந்த வரி மட்டும் உயர்ந்து நிற்பதற்குக் காரணம், வரி இடைவெளியை ‘சிங்கிள்’ என்று விட்டால், அந்த வரியில் உள்ள எழுத்துருக்களில் உயரமானதற்கு ஏற்ப வேர்ட் இடம் ஒதுக்குவதே. பத்தி அமைப்பில் ‘எக்ஸாக்ட்லி’ என்பதைத் தேர்ந்து எண்ணைக் கொடுத்துவிட்டால் வரிகள் சீராகும். 12 புள்ளித் தமிழுக்கு 18-இல் தொடங்கிப் பார்ப்பது என் வழக்கம். ‘ஸ்ரீ’, ‘ஞூ’ போன்றவற்றின் தலையோ காலோ வெட்டுப்பட்டால் ஒன்றிரண்டு புள்ளிகள் கூட்ட வேண்டும். இதே அமைப்புள்ள பத்திக்குள் படத்தைச் செருகினால், படத்தில் ஒரு வரி உயரம் மட்டுமே தெரியும். படம் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். படம் இருக்கும் பத்தியை மட்டும் ‘சிங்கிள்’ ஆக்கினால் முழுப்படமும் வெளிப்படும்.

வீட்டில் 40 பக்கம், அச்சகத்தில் 43 பக்கம்

தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் கட்டுரை அடுத்த பக்கத்திலும், கவிதையின் கடைசி வரி மட்டும் தனிப்பக்கத்திலும் நிற்கிற நிலை இது. பெரும்பாலும் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன.

முதலாவது, எழுத்துரு. ஆஃபீஸ் தொகுப்பின் வழக்கமான ‘தீம்’ என்ற எழுத்துரு, நிற அமைப்புக்குள் தமிழுக்கு லதா என்ற எழுத்துரு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10 முதல் லதா, கேட்டால் மட்டும் நிறுவப்படும் துணை எழுத்துருவாகிவிட்டது. நம் கணினியில் லதா இருந்து, கடையின் கணினியில் இல்லாவிட்டால், அங்கே வேறொரு எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும், ஒவ்வொரு சொல்லின் அகலமும் சிறிது மாறும், பக்கங்கள் நகரும். தமிழ் தெரியாதவர் இந்த ஆள்மாறாட்டத்தைக் கவனிக்க வாய்ப்பே இல்லை. விண்டோஸ் அமைப்புகளின் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும் என்றாலும், அடுத்தவர் கணினியில் அதைச் செய்யச் சொல்வதைவிட, நம் கோப்பிலேயே எழுத்துருவைப் பதித்து அனுப்புவது நல்லது. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பக்கத்தின் அடியில் எழுத்துருக்களைப் பதிக்கும் குறி இருக்கிறது. அதன் கீழே, பொதுவான எழுத்துருக்களைப் பதிக்க வேண்டாம் என்றிருக்கும் குறியை நீக்கிவிட வேண்டும். நமக்குப் பொதுவானது அவருக்கும் பொதுவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. உரிமம் பதிக்க இடம் தராத எழுத்துருக்களுக்கு இது பயன்படாது.

இரண்டாவது, தாளின் அளவு. ஏ4 என்பது 210-க்கு 297 மி.மீ.; அமெரிக்க லெட்டர் அளவு 216-க்கு 279. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அமைத்துக் கொடுத்த கோப்பில் லெட்டர் அளவு இருப்பது வழக்கம். ‘லேஅவுட்’ பட்டியில் ‘சைஸ்’ என்ன என்பதை, தட்டச்சு தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது காரணம் நம் கைப்பழக்கம். அடுத்த பக்கத்துக்குப் போக ‘என்டர்’ விசையைத் தட்டிக்கொண்டே போவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒளிந்திருக்கும் பத்திக் குறிகள் எல்லாம் வெளியே வரும். கட்டுரை முடிந்த இடத்துக்குக் கீழே அக்குறிகள் மட்டும் ஏணிப்படிகள்போல் இறங்கிக்கொண்டிருந்தால், பக்கம் நகர்ந்ததற்கான காரணம் அதுவே. அவற்றை அழித்துவிட்டு, கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்திப் பக்க முறிவு இட வேண்டும். கட்டுரைத் தலைப்புகள் எல்லாமே புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமென்றால், தலைப்பின் ஸ்டைலில் ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்ற குறியை இட்டுவிடுவது இன்னும் நல்லது. தலைப்பும் அடுத்த பத்தியும் பிரியாமல் இருக்க ‘கீப் வித் நெக்ஸ்ட்’. பத்திகளுக்கு இடையே இடம் வேண்டுமானால், வெற்றுப் பத்தி இடாமல், பத்தி அமைப்பில் ‘ஆஃப்டர்’ என்பதில் 6 புள்ளி கொடுத்தால் போதும்.

பிறர் அனுப்பிய கட்டுரையில் ஒவ்வொரு பத்திக்கும் இரட்டை என்டர் இருந்தால், கன்ட்ரோல் எச் அழுத்தினால் வரும் தேடி மாற்றும் பெட்டியில் ‘ஸ்பெஷல்’ பொத்தானிலிருந்து ‘பாராகிராஃப் மார்க்’ என்பதை இரு முறை தேடுவதிலும் ஒரு முறை மாற்றுவதிலும் இட்டு, எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றலாம். கவிதைகள் உள்ள கோப்பில் இதைச் செய்தால் கண்ணிகளுக்கு இடையிலான வெற்றிடமும் போய்விடும். கவிஞர் தொலைபேசியில் அழைப்பார்.

திருத்தம் எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில், வேர்ட் கோப்போடு பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிடிஎஃப் படிப்பியில் ஆவணப் பண்புகளைத் திறந்து ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்கும் அருகே ‘எம்பெடட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், பக்கம் நகர்வதைப் பற்றிய கவலை தீர்ந்தது. பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்துத் திரும்ப வேர்டில் ஒட்டி வேலையைத் தொடரலாம் என்று மட்டும் நினைக்கக்கூடாது. கொம்புகளும் கால்களும் வரிசை மாறித்தான் பெரும்பாலும் வரும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே விரைவான வழி.

சொற்களுக்கு இடையே பள்ளம், தொகைகள் ஒரே கோட்டில் நிற்கவில்லை

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் வேலையை வேர்ட் தமிழுக்குத் தானாகச் செய்து தரும் என்று எதிர்பார்க்க முடியாது. நெடுக்காக இரண்டு பத்திகளாக (‘காலம்ஸ்’) பிரித்த பக்கத்தில் இருபுறமும் சீராக்கினால், ஒரு வரியில் மூன்று சொற்களும் அவற்றுக்கிடையே அகழிகளும் மிஞ்சும். குறுகிய பத்திகளுக்கு இடப்பக்கச் சீரே போதும் என்பது என் கருத்து. விளிம்பு ஒழுங்காக இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சீராக்கியே தீர வேண்டுமென்றால், மோசமான வரிகளில் மட்டும் அடுத்த வரியின் நீண்ட சொல்லுக்குள் கன்ட்ரோலும் கோடும் சேர்த்து அழுத்தி, தேவைப்பட்டால் மட்டும் தெரியும் பிரிகோட்டை இடலாம். ஒரே ஒரு வரி மட்டும் அளவுக்கு மீறி இழுபட்டிருந்தால், அதன் இறுதியில் யாரோ ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அங்கே பத்திக் குறியை இட்டால் சரியாகும்.

நன்கொடையாளர் பட்டியலில் பெயருக்கும் தொகைக்கும் நடுவே வெற்றிடங்களைத் தட்டி நேராக்க முயல்வது வீண். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறுவதால், திரையில் நேராகத் தெரிவது தாளில் பல்வரிசைபோல் நிற்கும். அளவுகோலில் வலப்பக்க டேப் ஒன்றை வைத்து, அதன்மேல் இரு முறை சொடுக்கி, ‘லீடர்’ என்பதில் இரண்டாவதான புள்ளி வரிசையைத் தேர்ந்தால், 501 ரூபாயும் 1,00,000 ரூபாயும் வலப்புறம் ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் இல்லை என்கிறது

தமிழில் இது அடிக்கடி நிகழ்வது, காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இருவகையாக அமைக்கலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இரு குறிகளாக இருக்கலாம். தாளிலும் திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடலுக்கு அவை இரு வேறு சொற்கள். உறுப்பினர் பட்டியலில் ‘கோபால்’ என்று தேடும்போது சிலர் மட்டும் அகப்படாமல் போவது இதனால்தான். அகப்படாத சொல்லை உரையிலிருந்தே நகலெடுத்துத் தேடும் கட்டத்தில் ஒட்டி, மாற்றும் கட்டத்தில் நாம் புதிதாகத் தட்டச்சிட்டு, அனைத்தையும் மாற்றிவிட்டால் பட்டியல் ஒரே தன்மைக்கு வரும்.

‘ஔவை’ இன்னொரு பொறி. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து ‘ஒளவை’ என்று எழுதிவிடுகிறார்கள். சில எழுத்துருக்களில் வேறுபாடு தெரிவதே இல்லை. ஆனால் ‘ஒள’ என்பதை ‘ஔ’ என்று ஒரேயடியாக மாற்றக் கட்டளை கொடுத்தால், கட்டுரையில் உள்ள ஒளி, ஒளிவு எல்லாவற்றின் தலையும் உருண்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். அதேபோல் ‘க’வுக்குப் பதில் தமிழ் எண் ஒன்று, ‘உ’வுக்குப் பதில் தமிழ் எண் இரண்டு, ‘எ’வுக்குப் பதில் தமிழ் எண் ஏழு நுழைந்திருக்கலாம். ஐயமுள்ள எழுத்தின் பின்னால் நின்று ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் வேர்ட் அதன் குறியெண்ணைக் காட்டும். உண்மையான ககரத்தின் எண் 95 என்று முடியும். தமிழ் எண் ஒன்றினுடையது அப்படி முடியாது. மறுபடியும் அதே விசைகளை அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும்.

இணையத்திலிருந்து ஒட்டிய பகுதியில் இரு சொற்கள் சேர்ந்த தொடர் மட்டும் அகப்படவில்லை என்றால், இடையே இருப்பது சாதாரண வெற்றிடம் அன்று, பிரியா வெற்றிடம். ‘ஸ்பெஷல்’ பொத்தானில் ‘நான்பிரேக்கிங் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்து, அதைச் சாதாரண வெற்றிடமாக மாற்றிவிடலாம்.

தட்டச்சு நடுவே மொழி தானாக மாறுகிறது. பக்கமெங்கும் சிவப்புக் கோடு

தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்று விசைப்பலகைகளும் இருக்கும் தில்லிக் கணினிகளில், சுட்டியை ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியதும் விசைப்பலகை மாறிவிடும். ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில், சுற்றியுள்ள உரையின் மொழிக்கேற்ப விசைப்பலகையை மாற்றும் குறியை நீக்கினால் இது நிற்கும். பிறகு விண்டோஸ் விசையும் வெற்றிட விசையும் சேர்த்து நாமே மாற்றிக்கொள்ளலாம். சிவப்புக் கோடுகளுக்கு, உரை முழுவதையும் தேர்ந்து, ‘ரிவ்யூ’ பட்டியில் ‘லாங்குவேஜ்’ வழியே தமிழ் என்று குறிக்க வேண்டும். அப்போதும் தொல்லை நீடித்தால் அதே பெட்டியில் எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்று கொடுத்துவிடலாம். புணர்ச்சியில் சேர்ந்த சொற்களை எல்லாம் பிழை என்று கோடிடும் கருவியைவிடத் தமிழ் தெரிந்த ஒருவரின் கண் மேலானது.

பக்க எண் அட்டையிலேயே தொடங்குகிறது

அட்டை, வாழ்த்துரைகள், பொருளடக்கம் முடிந்து கட்டுரைகள் தொடங்கும் இடத்தில் ‘லேஅவுட்’, ‘பிரேக்ஸ்’, ‘நெக்ஸ்ட் பேஜ்’ என்று பகுதி முறிவு இட வேண்டும். பின்னர் இரண்டாம் பகுதியில் பக்கத்தின் அடிப்பட்டையில் (‘ஃபூட்டர்’) இரு முறை சொடுக்கி, ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ என்பதை அணைத்து, எண்ணை 1-இல் தொடங்கச் சொல்ல வேண்டும். அணைக்காமல் முதல் பகுதியின் எண்ணை அழித்தால் இரண்டிலும் அழியும். பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சிடாமல் தலைப்பு ஸ்டைல்களிலிருந்து உருவாக்கியிருந்தால், கடைசித் திருத்தத்துக்குப் பின் கன்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும்.

மஞ்சள் பட்டை, திறக்காத கோப்பு, காணாமல் போன கோப்பு

மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த கோப்பின் மேல் மஞ்சள் பட்டை தெரிந்து எதையும் திருத்த முடியாமல் இருந்தால், அனுப்பியவரை அறிந்திருக்கும்போது மட்டும் ‘எனேபிள் எடிட்டிங்’ அழுத்தலாம். மின்சாரம் போய்க் கோப்பு சேமிக்கப்படாமல் மறைந்தால், ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘மேனேஜ் டாக்குமென்ட்’ என்பதற்குள் சேமிக்காத கோப்புகளை மீட்கும் வழி இருக்கிறது. மீட்புப் பிரதி எடுக்கும் இடைவெளி இயல்பாக 10 நிமிடம்; கோடையில் மின்வெட்டு மிகுந்த பகுதிகளில் அதை இரண்டு மூன்று நிமிடமாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

கோப்பு கெட்டுவிட்டது என்று வேர்ட் சொன்னால், ‘ஓப்பன்’ பெட்டியில் கோப்பைத் தேர்ந்து, பொத்தானின் அருகே உள்ள அம்பை அழுத்தி ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் பயன் தராமல், மலருக்கான பழைய புகைப்படங்களையாவது மீட்க வேண்டும் என்ற நிலை வந்தால், கோப்பின் ஒரு நகலை எடுத்து, டாக்எக்ஸ் என்ற அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறக்கலாம். 2007 பதிப்பு முதல் வேர்ட் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய ஓர் உறை மட்டுமே. அதற்குள் ‘வேர்ட்’ என்ற அடைவிலும், அதனுள் ‘மீடியா’ என்ற அடைவிலும் படங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அவற்றை நகலெடுத்துப் புதிய கோப்பில் செருகிக்கொள்ளலாம்.